பைக்குக்கு நல்ல பிரேக் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிரேக் பிடித்தால் லீவர் அதிர்கிறது, ஒரேயடியாக நல்ல டிஸ்க்காக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பழையதைப் பாருங்கள். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். விளிம்பில் நகத்தை வைத்து உள்ளே இழுத்தால் தட்டுப்படும் படிதான் தேய்மானம். அளந்து பார்த்து அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

மலையிறக்கம், நீண்ட பயணம் என்று ஓட்டுபவர் என்றால் நான் ஃப்ளோட்டிங் டிஸ்க்கையே சொல்வேன். அதில் வெளி வளையமும் நடுத் தாங்கியும் தனித்தனி. பொத்தான் போன்ற பாபின்கள்தான் இரண்டையும் இணைக்கும். சூட்டில் வளையம் விரிய இடம் இருப்பதால் எளிதில் கோணாது. கையால் அசைத்தால் லேசாக ஆடும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், பயப்படாதீர்கள்.

பெரிய டிஸ்க்? 300 மி.மீ.யிலிருந்து 320க்குப் போனால் நிறுத்தும் விசை சுமார் 7% கூடும். ஆனால் பேடுகளை (உராய்வுக் கட்டைகளை) டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைத் தள்ளி வைக்கத் தனி பிராக்கெட் வேண்டும். அலை வடிவ விளிம்பு பெரும்பாலும் அழகுக்குத்தான்.

அப்புறம், தயவுசெய்து பழைய பேடை மட்டும் திரும்ப மாட்டாதீர்கள். அதில் பதிந்த வரிகள் புது டிஸ்க்கோடு சரியாகப் பொருந்தாது. புதிய பேடைப் போட்டு, முதல் சில நாட்கள் மிதமாகவே பிரேக் பிடித்துப் பழக்குங்கள்.