தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் இழுத்தால்

கத்திரி வெயிலில் டெலிவரி ஓட்டுகிறீர்கள், 5 லிட்டர் தண்ணீர் குடித்தும் சாயங்காலமானால் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் உப்புக் குறைவுதான். வியர்வையோடு போன சோடியம் வெறும் தண்ணீரில் திரும்பாது. இளநீரில் பொட்டாசியம்தான் ஜாஸ்தி. அதை மட்டும் நம்பாதீர்கள்.

மதியத்துக்குள் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் போதும். கால் இழுக்கிற நாளில் ஓ.ஆர்.எஸ். எடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் (20.5 கிராம்) என்றால் முழுசையும் ஒரு லிட்டரில் கொட்டுங்கள். பாதியைக் கண்ணளவில் டம்ளரில் கலக்கினால் கரைசல் கெட்டியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். பாக்கெட் இல்லையா? லிட்டருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

பிபி, கிட்னித் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. வாந்தி, குழப்பம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி.