பூசப் பூசப் படரும் படை

கேள்வி: என் மகனுக்கு வயது 19. தொடையிடுக்கில் வட்டமாகப் படை வந்து இரண்டு மாதமாகிறது. பார்மசியில் கேட்டு வாங்கிய கிறீமைப் பூசினால் கடி நிற்கிறது, விட்டால் முன்னையைவிட மோசமாக வருகிறது. இப்போது வயிறு வரை படர்ந்துவிட்டது. தகப்பனுக்கும் இடுப்பில் தொடங்கியிருக்கிறது. டொக்டரிடம் காட்ட மகன் வெட்கப்படுகிறான். வண்டுகொல்லி இலை அரைத்துப் பூசலாமா?
- ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கிறீம் பெட்டியில் உள்ள சின்ன எழுத்துகளை மகனை வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொயிட் கலந்த கிறீம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் போலத் தெரிகிறது.

இது படர்தாமரையாக இருந்தால் அதற்குக் காரணம் பங்கசு எனப்படும் பூஞ்சை. அதை எதிர்த்து உடம்பு போராடுவதால்தான் சிவப்பும் கடியும் வருகின்றன. ஸ்டீரொயிட் அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். கடி நின்றதும் சுகம் என்று நினைப்போம், உள்ளே பங்கசு தடையில்லாமல் வளரும். சாதாரணப் படர்தாமரையின் ஓரம் சற்றுத் தடித்து, சிவந்து, செதில் விட்டிருக்கும், நடு வெளிறியிருக்கும். ஸ்டீரொயிட் பட்டால் அந்த ஓரம் மங்கிவிடும், அல்லது வட்டத்துக்குள் வட்டமாக வரும். பார்த்தவுடன் வைத்தியருக்கே பிடிபடாமல் போகலாம். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு முழுதாக மறையாது.

ஆகவே அதை இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாட்கள் கடி கூடும். அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் திரும்பவும் அதையே எடுப்பதால்தான் பலருக்கு இது மாறாமல் இழுபடுகிறது. கடியை அடக்க வைத்தியர் குளிசை தருவார்.

சின்னப் படையென்றால் குளோட்ரிமசோல் அல்லது டேர்பினஃபின் கிறீம் மட்டும் போதும். படையின் மேல் மட்டுமல்ல, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரலளவு நல்ல தோலிலும் பூச வேண்டும், மறைந்த பிறகும் ஒரு கிழமையாவது தொடர வேண்டும். ஆனால் உங்கள் மகனுக்கு வயிறு வரை வந்துவிட்டதே. இதற்குக் கிறீம் மட்டும் காணாது, வாரக்கணக்கில் குளிசை எடுக்க வேண்டிவரும். ஈரல் நிலைமையையும் வேறு மருந்துகளையும் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள் என்பதால் பார்மசியில் நீங்களாக வாங்க வேண்டாம்.

உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். தேவையென்றால் யாழ். போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள், காசு இல்லை. அந்தக் கிறீமையும் கையோடு கொண்டுபோகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தகப்பனே சொன்னால் நல்லது, அவரும் கூடவே போய்க் காட்டத்தானே வேண்டும். ஒருவர் மருந்தெடுத்து மற்றவர் விட்டால் வீட்டுக்குள்ளேயே மாறி மாறித் தொற்றும்.

துவாய், சாரம், உள்ளுடுப்பு ஆளுக்கு ஆள் தனியாக இருக்கட்டும். சுடுதண்ணீரில் தோய்த்து, உட்புறம் வெளியே தெரியப் புரட்டி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். தோட்டத்தில் இறைப்பு முடிந்ததும் ஈரச் சாரத்தோடு இருக்கக் கூடாது. மகன் இறுக்கமான ஜீன்ஸைக் கொஞ்ச நாளைக்கு விடட்டும். குளித்தபின் இடுக்குகளை ஒற்றி உலர்த்திய பிறகுதான் மருந்து.

வண்டுகொல்லியை நம் பெரியவர்கள் படைக்குப் பூசியது உண்மை. ஆனால் ஏற்கெனவே மெலிந்துபோன தோலில் இலைச் சாறோ, உள்ளியோ, தேசிக்காய்ப் புளியோ பட்டால் எரிந்து புண்ணாகும். இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வீட்டில் யாருக்காவது கடியே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த வெளிர் திட்டு இருந்தால் அது படையல்ல. தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கும் இலவசமாக மருந்து உண்டு, நேரத்துக்கு எடுத்தால் முற்றாக மாறும்.