கஸுயா யாரைக் கட்டுவான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் கோண்டாவில், கம்பசில் படிக்கிறேன். எங்கள் செட்டில் எல்லாருக்கும் ஜப்பான் படக்கதை (மங்கா) விசர். ‘ரென்ட் எ கேர்ள்பிரெண்ட்’ தொடரைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போனில் வாசித்து வருகிறோம். 2017இல் தொடங்கியது. நான் ஏ.எல். எடுத்து முடித்தும் அது முடியவில்லை. வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கஸுயா என்ற பெடியன், காதலி விட்டுப்போன கவலையில், மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து, காதலியாக நடிக்கவரும் சிஸுருவைக் கூப்பிடுகிறான். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பம்மாவிடமும் அவளையே காதலி என்று சொல்லிவிடுகிறான். பார்த்தால் அவளும் அதே கம்பஸ், பக்கத்து வீடு. அந்தப் பொய்யிலிருந்து வெளியே வர ஏலாமல் கிடக்கிறான்.

முடிவு எப்படி வரும் என்று எங்களுக்குள் ஒவ்வொரு நாளும் சண்டை. கன பேர் சிஸுரு பக்கம், ஒருத்தி மட்டும் கஸுயாவை விரும்பும் இன்னொரு பெட்டை ரூகாவின் பக்கம். அவள் போன கிழமை வாட்ஸ்அப் குழுவை விட்டே போய்விட்டாள். காசுக்காகத்தான் இப்படி இழுக்கிறார்களா? முடிவை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? நாங்கள் நினைத்தது வராவிட்டால் இவ்வளவு காலமும் வாசித்தது வீண்தானே?

(பெயர் போட வேண்டாம் அண்ணா.)

தங்கச்சி,

முதல் கேள்விக்குக் கெதியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓம், இழுக்கிறார்கள். வாரச் சஞ்சிகையில் வரும் தொடர் விற்கும்வரை ஓடும், அதற்காக எந்தப் பதிப்பாளரும் வெட்கப்படுவதில்லை. நம்மூர் வார இதழ்த் தொடர்கதைகளும் அப்படித்தான் ஓடின. இதில் கோபப்பட என்ன இருக்கிறது, பிடிக்காவிட்டால் நாலு மாதம் விட்டுவிட்டு மொத்தமாக வாசியுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் எல்லாரும் முடிவைக் கண்டுபிடிக்கத் துப்புத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்: அட்டையில் யார் நடுவில் நிற்கிறாள், எந்த அத்தியாயத்தில் யாருடைய முகத்தை முழுப்பக்கம் வரைந்திருக்கிறார், இப்படி. துப்புகளை நம்ப வேண்டாம். வாசகர்களை மாறி மாறி நினைக்க வைப்பது ஆசிரியருடைய வேலை, அதற்காகவே அவற்றை எல்லாப் பக்கமும் விதைத்திருப்பார். கதை எதை வைத்து ஓடுகிறது, எது இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று பாருங்கள்.

தொண்ணூறுகளில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் பழைய இந்தியக் காமிக்ஸ்களை மாறி மாறி வாசித்தவர்கள். மட்டை இருந்தால் கடைசிப் பக்கம் இருக்காது, கடைசிப் பக்கம் இருந்தால் நடுவில் யாரோ ஆணி மாதிரிப் பேனையால் கணக்குச் செய்திருப்பார்கள். அதில் முகமூடிக்காரர் ஒருவர் வருவார், முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. அவர் டயானாவைக் கட்டுவாரா மாட்டாரா என்று டியூட்டரி வாசலில் சைக்கிள் பாரில் இருந்தபடி மணித்தியாலக் கணக்காக வாதாடியிருக்கிறோம். கட்ட மாட்டார், கட்டினால் கதை முடிந்துவிடும் என்பதுதான் பெரும்பான்மைக் கட்சி. அதில் ஒருவன் மட்டும் (பேந்து கனடா போய்விட்டான்) ஒரே போடாகப் போட்டான்: “கட்டாட்டி அடுத்த வேதாளர் எங்கயிருந்து வாறது?”

சரியான கேள்வி. தகப்பனுக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறி வருவதுதான் அந்தக் கதையின் அடிப்படை. நாங்கள் வாசித்தவர் இருபத்தொராவது ஆள். காட்டுக்குள் சாகாத மனிதன் என்ற பெயர் நிற்க வேண்டுமென்றால் இருபத்திரண்டாவது ஆள் பிறந்தாக வேண்டும். 1936இல் தொடங்கிய தொடரில் 1977இல் கலியாணமும் நடந்தது, பிறகு இரட்டைப் பிள்ளைகளும் பிறந்தன, தொடரும் நிற்கவில்லை. நாங்கள் டியூட்டரி வாசலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கே வயது பத்தைத் தாண்டியிருக்க வேண்டும் (காமிக்ஸில் பிள்ளைகள் அவ்வளவு கெதியாக வளர மாட்டார்கள் என்பது வேறு கதை). செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறு அமெரிக்கக் காமிக்ஸ் ஆர்ச்சி. 1941இல் வந்த பெடியன், பெட்டி என்ற பெட்டையா வெரோனிகாவா என்று அறுபது வருடத்துக்கு மேல் தடுமாறிக்கொண்டே இருந்தான். அங்கே அந்தத் தடுமாற்றம்தான் கதை, அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. அதனால் 2009இல் 600ஆவது இதழில் அவன் வெரோனிகாவைக் கட்டியபோது நான் நம்பவில்லை. நினைத்தபடியே சில இதழ் கழித்துப் பெட்டியையும் கட்டினான், இரண்டுமே ‘இப்படியும் நடக்கலாம்’ என்ற எதிர்காலம்தான் என்று சொல்லி ஆளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், பாத்திரம் யாருடைய சொத்து? ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கலியாணம் நடந்தது. 2007இல் பேய் ஒன்றோடு பேரம் பேசவைத்து, அந்தக் கலியாணமே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இருபது வருடக் குடும்பம்! பாத்திரம் கம்பெனியின் சொத்தென்றால் எந்த முடிவும் நிரந்தரமில்லை. ஜப்பான் தொடர்களில் பெரும்பாலும் தொடங்கிய ஆளே வரைந்து முடிப்பதால், அங்கே வாசகர் ஊகிப்பதற்கு ஓர் அர்த்தமாவது இருக்கிறது. ‘குவின்டெசென்ஷல் குவின்டப்லெட்ஸ்’ தொடங்கும்போதே மாப்பிள்ளைக்குக் கலியாண நாள், ஒரே முகமுள்ள ஐந்து சகோதரிகளில் ஒருத்திதான் பொம்பிளை என்பதும் தெரிந்துவிடும், எவள் என்பதைத்தான் 14 புத்தகம் மறைத்து வைத்தது. 2020இல் முடிந்தபோது நிறையப் பேர் திட்டினார்கள். திட்டட்டும், ஆசிரியர் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார், அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். அதே வருடம் ‘வி நெவர் லேர்ன்’ தொடரில் ஒருத்தியோடு முடித்துவிட்டு, பிறகு மற்ற நாலு பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு முடிவு வரைந்தார்கள். கலியாணப் பந்தியில் ஒருவரும் கோபித்துக்கொண்டு போகக்கூடாதென்று எல்லா இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறியது மாதிரி இருந்தது. சந்தோசமாக வாசித்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் ஒருத்திக்கு இல்லை என்று சொல்லாத எதையும் என்னால் முடிவு என்று எடுத்துக்கொள்ள ஏலாது.

மூன்றாவது கேள்விக்கு கல்கியிடம் போக வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954வரை கிழமை கிழமையாக வந்த தொடர். குந்தவை வந்தியத்தேவனுடைய மனைவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த முடிவு. அப்படியிருந்தும் தொடர் முடிந்தபிறகு அவருக்கு என்ன நடந்தது, இவருக்கு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. அவரும் கதையைக் கலியாணப் பந்தலில் கொண்டுபோய் விடவில்லை, வந்தியத்தேவனுக்காக உருகின மணிமேகலை அவனுடைய மடியிலேயே உயிரை விடுவதில்தான் நிறுத்தினார். எங்கள் அம்மம்மா குந்தவையைப் பற்றி ஒருநாளும் கதைத்து நான் கேட்டதில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் காரணமில்லாமல் “அந்தப் பெட்டை மணிமேகலை பாவமடா” என்று தொடங்குவா, ஏதோ இணுவிலில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை மாதிரி. நினைத்தது வராததால் அவ வாசித்தது வீணாகப் போனதா என்ன? முடிவு வந்தபிறகு உங்கள் ரூகா தோழிதான் இந்தத் தொடரை ஆகக் கனகாலம் நினைத்துக்கொண்டிருப்பாள், நீங்கள் எல்லாம் ஒரு மாதத்தில் அடுத்த தொடருக்குப் போய்விடுவீர்கள்.

அப்போ கஸுயா யாரைக் கட்டுவான்? சிஸுருவைத்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கதை வாடகைக் காசிலும் பொய்யிலும் ஓடுகிற கதை. மற்றப் பெட்டைகளில் யாரைக் கட்டினாலும் முதல் அத்தியாயத்தில் கொடுத்த காசுக்குக் கணக்கு முடியாது. அதனால் யார் என்று சண்டை பிடிப்பதை விடுங்கள், எப்போது என்று பிடியுங்கள்: காசும் வாங்காமல், அப்பம்மாவுக்காகவும் இல்லாமல், வேறு சாட்டும் சொல்லாமல் அவளாக ஒருநாள் அவனோடு வெளிக்கிட்டு வரும் அத்தியாயம் எது? அதற்குப் பிறகு வருவதெல்லாம் மரியாதைக்குத்தான்.

தோழியைத் திரும்பக் குழுவில் சேர்த்துவிடுங்கள். எல்லாரும் ஒரே கட்சியென்றால் கிழமைக்கொரு அத்தியாயத்தை வாசித்துவிட்டு என்னத்தைக் கதைக்கப் போகிறீர்கள்? கடைசி அத்தியாயம் வந்தால் எனக்கும் எழுதுங்கள், ஆனால் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் வாசிப்பில் உங்களுக்கு நல்லாய்ப் பின்னால் நிற்கிறேன்.