அறிவியல் திகில் திரைக்கதை தயார்: பணம் போட யாரைப் பார்ப்பது?

கேள்வி: கைவிடப்பட்ட விண்வெளி நிலையத்தில் நடக்கும் அறிவியல் திகில் கதையை 130 பக்கத் திரைக்கதையாக எழுதியிருக்கிறேன். முழுக்க என் சொந்தக் கற்பனை. படமாக்க முதலீட்டாளர்களை எப்படி அணுகுவது?

பதில்: இப்போதே அணுகாதீர்கள். பணம் போடுகிறவர் கேட்கப்போவது, எவ்வளவில் முடியும், யார் இயக்குவார், எடுத்தபின் யார் வாங்குவார் என்பவைதான். வெறும் திரைக்கதையிடம் இதற்கெல்லாம் பதில் இருக்காது.

முதலில் செலவைக் குறையுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது துறையில் பழகிப்போன கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. இந்த வகைக்கு 90, 100 பக்கம் தாராளம். நிலையம் வெடித்துச் சிதறுவதை நான்கு வரியில் எழுதிவிடலாம்; அந்த நான்கு வரிக்கு விஎஃப்எக்ஸ் (கணினி வரைகலைக் காட்சிகள்) குழு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அதற்குப் பதில், பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள். ஆக்சிஜன் மீட்டரில் முள் இறங்கிக்கொண்டே வருகிறது. நேற்று செத்துப்போன சகாவின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஒரு செட், ஒரு நடிகை, நல்ல ஒலி. எனக்கு இதுதான் அதிகம் பயமாக இருக்கிறது, செலவும் குறைவு. 1997இல் வந்த கனடியப் படமான 'கியூப்' எத்தனையோ அறைகளைக் காட்டும். முழுதாகக் கட்டியது ஒரே அறைதான். பலகைகளின் நிறத்தை மாற்றி மாற்றியே சமாளித்தார்கள்.

அப்புறம், அப்படி ஒரு காட்சியை மூன்று நான்கு நிமிடக் குறும்படமாக எடுங்கள். 'ஈவில் டெட்' என்ற திகில் படத்துக்குப் பணம் திரட்ட அதன் இயக்குநர் சாம் ரெய்மி 1978இல் 'விதின் தி வுட்ஸ்' குறும்படத்தை எடுத்துக் காட்டினார். இயக்குநர் ஜேம்ஸ் வானும் எழுத்தாளர் லீ வன்னெலும் 'சா' (Saw) என்ற திகில் படத்தின் திரைக்கதையிலிருந்து ஒரே ஒரு காட்சியைப் படமாக்கி, திரைக்கதையோடு சேர்த்துத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். எழுதிய வன்னெலே அதில் நடித்தார். குறும்படத்துக்குக் கிளைமாக்ஸ் காட்சியை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கேமராவுக்கு வாடகை கொடுத்தே பட்ஜெட் தீர்ந்துபோகும்; ஒலிக்கென்று முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். குறும்படச் செலவுக்குக் கிரவுட்ஃபண்டிங், அதாவது இணையத்தில் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டுவது, சரிப்படும். அதற்கான தளமான கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது, அதனால் சின்னத் தொகையாகவே வையுங்கள்.

முழுப் படத்தின் பட்ஜெட்டை அனுபவமுள்ள ஒரு லைன் புரொடியூசரிடம் (படப்பிடிப்புச் செலவையும் அன்றாட வேலைகளையும் நிர்வகிப்பவர்) கொடுத்துப் போடச் சொல்லுங்கள். குத்துமதிப்பாகப் போட்ட கணக்கை விவரமறிந்தவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

இவ்வளவும் கையில் வந்தபின், திகில் படம் ஒன்றிரண்டு எடுத்து விற்ற தயாரிப்பாளர்களைத் தேடிப் போங்கள். பணக்கார நண்பரைவிட இவர்கள் மேல். எங்கே விற்கும் என்று இவர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் சேர்ந்துவிட்டால் கனடாவில் மான்ட்ரியல் ஃபான்டேசியா திரைப்பட விழாவின் ஃப்ரான்டியர்ஸ், தென்கொரியாவின் புச்சியோன் திரைப்பட விழாவில் நடக்கும் நாஃப் போன்ற, இன்னும் எடுக்காத படங்களுக்கு ஆள் தேடும் திட்டச் சந்தைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வகைப் படங்களுக்கென்றே முதலீட்டாளர்கள் வந்து உட்காரும் இடங்கள் அவை.

யாருக்கு அனுப்புவதானாலும் அதற்கு முன்பே பதிப்புரிமையைப் பதிவு செய்துவிடுங்கள். 'ஆப்ஷன்' (குறிப்பிட்ட காலத்துக்குள் திரைக்கதையை வாங்கும் உரிமை) கேட்டு வருகிற தயாரிப்பாளரிடம் காலவரம்பு, தொகை, படம் எடுக்காவிட்டால் உரிமை உங்களிடமே திரும்புவது, மறுஎழுத்து யார் செய்வது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். முதலீட்டாளரை அறிமுகப்படுத்துகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது உங்களிடமே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.