நீலத் தொப்பி அணியும் முன்: படைவீரர் கேள்வி-பதில்

ஐ.நா. அமைதிப்படையில் தென் சூடானுக்குப் புறப்படும் காலாட்படை வீரர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பல ஆண்டுகள் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைதிப்படையின் வரலாற்றில் எதிரியின் தாக்குதலில் இறந்தவர்களைவிட நோயாலும் விபத்தாலும் இறந்தவர்களே அதிகம். அதனால் என் பதில்களில் துப்பாக்கியைவிடக் கொசுவலைக்கும் காகிதங்களுக்கும் கூடுதல் இடம் இருக்கும்.

பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தேன். வயது 38. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மறுபடியும் ராணுவத்தில் சேர்ந்து வெளிநாட்டுப் பணிக்குப் போக முடியுமா? (வேலூர்)

முடியாது. ஐ.நா. பணிக்குப் போவது பணியில் இருக்கும் பட்டாலியன். டிஸ்சார்ஜ் ஆனவரை அந்தப் பட்டாலியன் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

சீருடையை மறுபடி அணிய வேறு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படை. அதன் மையம் கண்ணூரில் இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் கிடங்குகளையும் தொழிற்சாலைகளையும் காப்பது அதன் வேலை. இரண்டாவது பென்ஷனுக்கு அங்கே 15 ஆண்டுகள் ஓட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மற்றொன்று பிரதேச ராணுவம். கோயம்புத்தூரில் இருக்கும் 110-ஆம் பட்டாலியன் நமக்குப் பக்கம். அதில் சேர உச்ச வயது 42. ஆனால் அது நிரந்தர வேலை அல்ல, கூப்பிடும்போது போகும் பணி. விவரங்களை உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வெளிநாட்டில் பாதுகாவலர் வேலை, மாதம் லட்சக்கணக்கில் சம்பளம்" என்று யாராவது அணுகினால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். இலங்கையின் முன்னாள் ராணுவ வீரர்கள் பலர் இப்படித்தான் ஆசை காட்டப்பட்டு ரஷ்ய-உக்ரைன் போர்முனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்திய இளைஞர்களும் உதவியாளர் வேலை என்று நம்பிப் போய் அதே போரில் உயிரிழந்தார்கள். ஆயுதப் பழக்கம் உள்ள ஒரு முன்னாள் ஹவில்தார்தான் இந்தத் தரகர்கள் தேடும் ஆள்.

இரண்டு ஆண்டுகள் என்.சி.சி. யூனிட்டில் இருந்துவிட்டுப் பட்டாலியனுக்குத் திரும்பியிருக்கிறேன். தென் சூடானுக்கு உத்தரவு வந்துவிட்டது. உடம்பு பழைய நிலையில் இல்லை. எப்படித் தயாராவது? (திருவண்ணாமலை)

முதல் வாரத்திலேயே இளம் சிப்பாய்களோடு போட்டி போடாதீர்கள். அலுவலக வேலையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் மூச்சில் தோற்பதில்லை. முழங்காலிலும் கணுக்காலிலும்தான் தோற்கிறார்கள். நுரையீரல் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். முதல் மாதம் கான்வாஸ் காலணியில் மெதுவான ஓட்டமும் முதுகில் சிறு பாரத்தோடு நடையும் போதும். பிறகு பூட்ஸ், பிறகு முழுச் சுமையோடு 5 கிலோமீட்டர். கயிறு ஏறுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் முதலில் தோள்பட்டைதான் பிசகும்.

ஷேப்-1 எனப்படும் முழு மருத்துவத் தகுதி இல்லாமல் பட்டியலில் பெயர் நிற்காது. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ எல்லையில் இருந்தால் இன்றே மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள். மறைத்து மாத்திரை போட்டுக்கொண்டு போனவருக்கு அங்கே ஏதாவது நேர்ந்தால், ஹெலிகாப்டர் வரும்வரை அவருடைய சிறு குழுவான செக்‌ஷனே அவரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

அந்த நிலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜோங்லெய், மேல் நைல் பகுதிகளில் இருப்பது கரிசல் மண். மழைக்காலத்தில் கவச வண்டிகூட அச்சுவரை புதைந்துவிடும். ஒரு நாளில் முடிய வேண்டிய ரோந்து மூன்று நாளாகும். அதனால் ஈரப் பாதமே அங்கே பெரிய பிரச்சினை. புது பூட்ஸை இங்கேயே மாதக்கணக்கில் போட்டுப் பழக்குங்கள். காலுறை கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஒரு ஜோடியை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் உலர்வாக வைத்திருங்கள். இரவில் படுக்கும் முன் பாதத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, விரல் இடுக்குகளைக் கண்ணால் பாருங்கள். செக்‌ஷன் கமாண்டர் என்றால் உங்கள் பையன்களின் பாதங்களையும் பாருங்கள்.

அங்கே யாராவது துப்பாக்கியை நீட்டினால் சுடலாமா, கூடாதா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள். (லான்ஸ் நாயக், தேனி)

சுடலாம், ஆனால் படிப்படியாக. முதலில் குரல் கொடுத்து எச்சரிக்கை, பிறகு எச்சரிக்கைச் சூடு, பிறகே குறிபார்த்துச் சுடுவது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நடுப்படிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தப் பாதுகாப்பு கவுன்சில் இந்தப் படைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. தற்காப்புக்கு மட்டும்தான் சுட வேண்டும் என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். டெல்லியில் 2000-இல் தொடங்கப்பட்ட ஐ.நா. அமைதிகாப்புப் பயிற்சி மையத்தின் வகுப்புகளில் இதைச் சூழ்நிலை சூழ்நிலையாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே தூங்காதீர்கள். விதிகள் அச்சிட்ட சிறு அட்டை கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்தால் மட்டும் போதாது, மனப்பாடமாக வேண்டும்.

இது ஏட்டுப் பாடம் அல்ல. 2013 ஏப்ரல் 9 அன்று ஜோங்லெயில் வாகன அணிக்குப் பாதுகாப்பாகச் சென்ற நம் வீரர்கள் 5 பேர் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அகோபோவில் இருந்த ஐ.நா. முகாமுக்குள் அடைக்கலம் புகுந்த மக்களைத் தேடி ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களோடு வந்தபோது இன்னும் இருவர் இறந்தார்கள். எண்ணிக்கையில் எதிரே நிற்பவர்கள் எப்போதும் அதிகம். சுடுவதற்கான உரிமையைவிட, சுடாமல் நிலைமையைத் தணிக்கும் திறமைதான் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும்.

பெரும்பாலான நாட்களில் உங்கள் முன்னால் நிற்பது சோதனைச் சாவடியில் ஏ.கே. துப்பாக்கியோடு இருக்கும் ஒரு பதினெட்டு வயதுப் பையன். சம்பளம் வந்து பல மாதமாகியிருக்கும். அவனிடம் குரலை உயர்த்தாதீர்கள். கையை உங்கள் ஆயுதத்தின் பக்கம் வேகமாகக் கொண்டுபோகாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைப் பேசவிட்டு, நீங்கள் அவன் விரலைக் கவனியுங்கள். அவனுடைய மூத்தவர் யார், எங்கே என்று கேளுங்கள். பேச்சு நீள நீள ஆபத்து குறையும்.

அங்குள்ள சண்டைகளில் பல மாடுகளைக் கவர்வதில் தொடங்குகின்றன. மாடு இல்லாமல் அங்கே பெண் கேட்க முடியாது என்பதால் ஒரு மந்தை போனால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே போகிறது. கிராமத்தில் வளர்ந்த நம் பையன்களுக்கு இது சொல்லாமலே புரியும். அந்தப் புரிதலோடு பேசுங்கள்.

அவர் போவதற்குள் நான் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்? கேட்டால் "அபசகுனமாகப் பேசாதே" என்கிறார். (ஒரு நாயக்கின் மனைவி, தென்காசி)

கேளுங்கள் தாயே, தயங்காமல் கேளுங்கள். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள்.

உங்கள் திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் பார்ட்-2 ஆர்டர் எனப்படும் ராணுவப் பதிவில் ஏறியிருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. கல்யாணப் பத்திரிகையும் குடும்ப அட்டையும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் செல்லாது. பார்ட்-2 ஆர்டர்தான் செல்லும். பதிவில் உங்கள் பெயர் ஓர் எழுத்து மாறி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தாலும் நாளை நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். 'லட்சுமி', 'லெட்சுமி' குழப்பத்தால் ஆண்டுக்கணக்கில் அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, ராணுவக் குழுக் காப்பீட்டில் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயரே பலருக்கு மாறாமல் கிடக்கிறது. அம்மாவுக்குப் பங்கு வேண்டுமென்றால் விகிதத்தை எழுதிவைக்கட்டும். அதை ஊகத்துக்கு விடக்கூடாது. மூன்றாவது, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வீட்டுக் கடன், நில விவகாரம் ஏதாவது இருந்தால் பவர் பத்திரமும் தேவை.

பேசும் நேரத்துக்கு ஒரு குறிப்பு: அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே 12:30. அவர் ரோந்தில் இருக்கும் நாட்களில் போன் வராது. மூன்று நாள் மௌனம் என்பது பெரும்பாலும் சேற்றில் சிக்கிய வண்டிதான். பட்டாலியன் போன பின் இங்கேயே தங்கியிருக்கும் ரியர் பார்ட்டியின் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரியின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பாதீர்கள், அந்த ஜே.சி.ஓ.வை நம்புங்கள்.

ஐ.நா. டாலரில் சம்பளம் தருமாமே? (சிப்பாய், கிருஷ்ணகிரி)

ஐ.நா. தலைக்கு இவ்வளவு என்று நாட்டுக்குத்தான் ஈடு செய்கிறது. உங்கள் கையில் தருவதில்லை. ஐ.நா. நேரடியாகத் தரும் படி நாளுக்கு 1.28 டாலர். இந்திய அரசின் வெளிநாட்டுப் படி தனி. அது பதவிக்கேற்ப மாறும். உத்தரவு கையில் வரும்வரை அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

தென் சூடானுக்குப் பதில் லெபனான் கிடைக்குமா? (நாயக், மதுரை)

லெபனான் படைக்கான கடைசி நீட்டிப்பு 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மகன் திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். பரவாயில்லையா? (ஒரு தந்தை, விருதுநகர்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் போட்டது டாக்ஸிசைக்ளின் என்றால் மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். இப்போதே பட்டாலியன் மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். அங்கிருப்பது மூளைவரை போகக்கூடிய பால்சிபாரம் வகை. ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் கண்டால் நம் ஊர் கிளினிக்கில் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறான், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் நீடித்தால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் காய்ச்சலுக்கும் இதே விதிதான்.