படம் முடிந்துவிட்டது, இனி இணையத்தில் விற்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): நண்பர்கள் நால்வர் சேர்ந்து, 35 லட்ச ரூபாயில் ஒரு முழுநீளப் படம் எடுத்து முடித்திருக்கிறோம். தெரிந்த முகங்கள் யாரும் நடிக்கவில்லை. பெரிய ஓடிடி தளங்களிலிருந்து பதிலே வரவில்லை. இப்போது ஓர் இடைத்தரகர், உலகம் முழுவதற்குமான எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் தளங்களில் ஏற்றி, வருவாயில் பாதியைத் தருவதாகச் சொல்கிறார். தொழில்நுட்பச் செலவுக்கு முன்பணமாக 80,000 ரூபாயும் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்த ஒப்பந்தத்தில் இப்போதிருக்கும் வடிவத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நால்வரின் உழைப்பையும் சேமிப்பையும் ஒரே தாளில் மொத்தமாகக் கைமாற்றிவிட்டால், பிறகு நல்ல வாய்ப்பு ஒன்று வந்தாலும் அதை ஏற்கும் அதிகாரம் உங்களிடம் இருக்காது.

திரைப்பட உரிமை என்பது ஒரே பொருள் அல்ல. திரையரங்கு, சாட்டிலைட் எனப்படும் தொலைக்காட்சி உரிமை, டிஜிட்டல் எனப்படும் இணைய உரிமை, எஃப்.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெளிநாட்டு உரிமை, டப்பிங், ரீமேக், இசை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக விற்கத்தக்கது. டிஜிட்டல் உரிமைக்குள்ளேயே சந்தா கட்டிப் பார்க்கும் தளம், ஒருமுறை பணம் செலுத்திப் பார்க்கும் தளம், விளம்பரங்களோடு இலவசமாகப் பார்க்கும் தளம் என்று மூன்று பிரிவுகள் உண்டு. தரகர் கேட்பது இவை அனைத்தையும். பதிலுக்கு அவர் உறுதியாகத் தருவதோ எதுவுமில்லை. மினிமம் கியாரண்டி என்று, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தருவதாக உறுதியளிக்கும் ஒரு தொகையைக்கூட அவர் முன்வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்குச் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிவிடும். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'பயன்படுத்தாவிட்டாலும் உரிமை தொடரும்' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இடம்பெறுவது இந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்காகத்தான். அவற்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நேர்மையான விநியோகஸ்தர் பேச்சுவார்த்தைக்கு வருவார்.

முன்பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படக்கோப்பைத் தளம் கேட்கும் தரத்துக்கு மாற்றுவது, சோதிப்பது, வசன வரிகளைச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்குக் கட்டணம் கேட்பது நியாயமே. கட்டணம் வாங்குபவர் பாதி வருவாயையும் உரிமையையும் சேர்த்துக் கேட்பது நியாயமில்லை. கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு படங்களைப் பெரிய தளங்களில் ஏற்றிவந்த டிஸ்ட்ரிபர் என்ற அமெரிக்க நிறுவனம் 2019-இல் முடங்கியபோது, அதை நம்பியிருந்த சுயாதீன இயக்குநர்கள் பலருக்குச் சேர வேண்டிய பணம் நின்றுபோனது. தளம் செலுத்தும் பணம் முதலில் இடையில் இருப்பவரின் கணக்குக்குப் போய்ச் சேரும் எந்த ஏற்பாட்டிலும் இந்த அபாயம் உண்டு. ஆகவே, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், பெயர் குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, செலவுப் பிடித்தத்துக்கு உச்சவரம்பு, கணக்கு வராவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்ற நிபந்தனைகளோடு எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு முன் உங்கள் பக்கத்துக் காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நால்வரில் யார் தயாரிப்பாளர், யார் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர், லாபம் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? கதாசிரியர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நடித்தவர்கள் ஆகியோரிடம் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா? பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் திரையரங்கு தவிர்த்த பயன்பாடுகளில் ராயல்டிப் பங்கு உண்டு என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சொல்வதால், அவர்களுடனான ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. நட்பில் எடுத்த படங்கள் விற்பனை மேசையில் நின்றுபோவதற்கு இந்தக் காகிதங்கள் இல்லாததே பெரும்பாலும் காரணமாகிறது. தளங்கள் முதலில் கேட்பவையும் இவைதான்.

மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்பதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். கோவாவில் திரைப்பட விழாவையொட்டி, மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி. நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) என்ற படச் சந்தையில், வாங்குபவர்களும் விழாத் தேர்வாளர்களும் படங்களைப் பார்ப்பதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. கட்டணம் செலுத்திப் படத்தை அங்கே வைக்கலாம். பொறுமையும் வேண்டும். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்று, ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமாகவும் ஆன பிறகு, சோனி லிவ் தளத்தில் வெளியானது 2023 அக்டோபரில்தான்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): தளங்களை நம்பாமல், எங்கள் சொந்த இணையதளத்திலேயே 100 ரூபாய்க் கட்டணத்தில் படத்தைக் காட்டினால் போட்ட பணம் திரும்புமா? திருட்டுப் பதிப்பு வந்துவிடாதா?

பதில்: நேரடி விற்பனை எனக்குப் பிடித்த வழி. பார்வையாளர் யார் என்பது இயக்குநருக்குத் தெரியவருவது இதில் மட்டும்தான். ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். வரி, பணப் பரிவர்த்தனைக் கட்டணம், வீடியோவைத் தாங்கும் சேவைக்கான செலவு எல்லாம் போக, 100 ரூபாயில் 70 ரூபாய் கையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மேலே திண்டுக்கல் வாசகர் சொன்ன 35 லட்சத்தைத் திருப்ப 50,000 பேர் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத படத்துக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. அதே வேளையில் ஆறேழு லட்சத்தில் எடுத்த படமென்றால் 10,000 பேர் போதும்; பேசுபொருளில் அக்கறை கொண்ட கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்குமானால் அது எட்டக்கூடியது.

மலையாளத்தில் ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' இதற்கு நல்ல சான்று. பெரிய தளங்கள் ஏற்க மறுத்த அந்தப் படம், 2021 ஜனவரி 15 அன்று நீஸ்ட்ரீம் என்ற சிறிய தளத்தில் வெளியாயிற்று. சமையலறையில் தங்கள் வாழ்வைக் கண்ட பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள்; சில மாதங்களில் அமேசான் பிரைம் வீடியோவும் அதை வாங்கியது. சிறிய தளத்துக்கே நிரந்தர முழு உரிமையையும் கொடுத்திருந்தால் அந்த இரண்டாவது விற்பனையின் பலன் வேறொருவருக்குப் போயிருக்கும்.

கேரள அரசு இன்னும் ஓரடி முன்னே சென்றிருக்கிறது. அங்குள்ள திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில், முழுநீளப் படம் ஒன்றைப் பார்க்க 75 ரூபாய் என்று கட்டணம் வைத்து, அதில் பாதியைப் படைப்பாளிக்குத் தருவதாக அறிவித்தார்கள். பார்த்த அளவுக்குப் பணம் என்ற இந்த எளிய முறையில் தமிழ்நாட்டிலும் ஒரு பொதுத் தளம் அமைய வேண்டும் என்று சுயாதீனக் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளியீட்டு வரிசை மிக முக்கியம். விழாக்கள் முதலில், பல விழாக்கள் இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை. அடுத்து கட்டணக் காட்சி, பிறகு சந்தா தளம், கடைசியாக யூடியூப். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், இலவசமாகக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள். யூடியூபில் முழுநீள வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு என்றாலும், அதற்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்பதால், படம் முடிவதற்கு முன்பே சேனலை வளர்க்கத் தொடங்குங்கள்.

திருட்டுப் பதிப்பை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் இந்தியாவில் இன்று, கனடாவிலும் பிரிட்டனிலும் அடுத்த மாதம் என்று வெளியிடுவது அதற்கு நீங்களே வழிவிடுவதாகும். எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் திறந்துவிடுங்கள். யுபிஐ இல்லாத வெளிநாட்டுத் தமிழர்களுக்காக அட்டை வழிக் கட்டணத்தையும் சோதித்து வையுங்கள்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): இணையத்தில் மட்டும் வெளியிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டுமா?

பதில்: சட்டப்படி கட்டாயமில்லை. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்களே வயதுப் பிரிவை வகுத்துக்கொள்ளலாம். ஆயினும் வாங்கி வைக்கவே பரிந்துரைப்பேன். தேசிய விருதுக்கு அனுப்பவும், பின்னாளில் திரையரங்கிலோ தொலைக்காட்சியிலோ காட்டவும் அது தேவை. படத்தில் ஓர் ஆடோ மாடோ நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றையும் கேட்பார்கள் என்பதால், அந்த அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே பெற்றுவிடுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): எங்கள் குறும்படத்தின் டீக்கடைக் காட்சியில், பின்னணியில் ஒரு பழைய பாடல் சில விநாடிகள் ஒலிக்கிறது. யூடியூபில் ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து, விளம்பர வருவாய் பாடலின் உரிமையாளருக்குப் போகிறது. சில விநாடிகளுக்கு விலக்கு இல்லையா?

பதில்: இத்தனை விநாடிகள் வரை பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் எந்த அளவும் இல்லை, அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை, பாடல் எத்தனை மெல்லிய ஒலியில் இருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். பாடல் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவது, அல்லது அந்தப் பகுதியின் இசையை மாற்றுவது என்ற இரண்டே வழிகள் உங்களுக்கு உண்டு. வசனம், இசை, சூழல் ஒலி ஆகியவற்றை ஒலிக்கலவையின்போது தனித்தனித் தடங்களாகச் சேமித்திருந்தால், பாடலை மட்டும் நீக்கி வேறு இசையைப் பொருத்துவது எளிது. டப்பிங் உரிமையை விற்கும் நாளிலும் அந்தத் தடங்களைத்தான் கேட்பார்கள் என்பதால், ஒலிக்கூடத்தின் கணினியில் அவை இன்னும் இருக்கின்றனவா என்று இன்றே விசாரித்து, ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.