நேர்காணலுக்கு உடை வாங்கும்போது உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: படிப்பு முடிந்து முதல் நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஒரு செட் உடை வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது. கோட் சூட் வாங்குவதா, சட்டையும் பேண்டும் போதுமா? அந்த நிறுவனத்தில் எல்லோரும் டி-ஷர்ட்டில்தான் வேலைக்கு வருகிறார்களாம்.

பதில்: சட்டையும் பேண்டும் போதும். அங்கே வேலை செய்பவர்கள் அன்றாடம் அணிவதைவிட ஒரு படி கூடுதலாக உடுத்திக்கொண்டு போனால் சரியாக இருக்கும். அவர்கள் டி-ஷர்ட் என்றால் நீங்கள் காலர் வைத்த முழுக்கைச் சட்டை. அவர்கள் சட்டை என்றால் அதன் மேல் ஒரு கோட். வங்கி, சட்டம் போன்ற துறைகளில் முதல் சுற்றிலேயே கோட் எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. பட்டறையையோ கட்டுமான இடத்தையோ சுற்றிக் காட்டுவார்கள் என்றால் வழுக்காத, மூடிய ஷூ கட்டாயம். சந்தேகம் இருந்தால் அழைப்பு அனுப்பியவருக்கே இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். ட்ரையல் ரூமில் நாம் எல்லோரும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, வயிற்றை லேசாக எக்கிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்துவிட்டு பில் போடப் போய்விடுகிறோம். ஆனால் நேர்காணலில் நீங்கள் நிற்பது கதவைத் திறந்து உள்ளே போய் வணக்கம் சொல்லும் நேரம்தான். மற்றபடி முழுக்க நாற்காலியில். அதனால் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். அறைக்குள் ஸ்டூல் இல்லையென்றால் வெளியே வந்து ஒரு நாற்காலி கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

உட்கார்ந்ததும் முதலில் வயிற்றுப் பக்கம் பாருங்கள். சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தாற்போல் இடைவெளி விழுந்தால் அந்த அளவு உங்களுக்கு இறுக்கம். பெண்களுக்கான சட்டைகளில் இது மார்புப் பக்கம் நடக்கும். இடுப்பு அளவு சரியாக இருந்தாலும் அங்கே பிளக்கும். அப்படியானால் ஒரு அளவு பெரியதாக எடுத்து இடுப்பில் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்து, பேண்டின் கீழ் மடிப்பு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று கவனியுங்கள். உட்கார்ந்தால் நல்ல பேண்டும் சில அங்குலம் ஏறத்தான் செய்யும். கணுக்காலோடு நிற்கும் குட்டை சாக்ஸ் போட்டிருந்தால் நடுவே வெறும் கால் தெரியும். பேண்டை நீளமாக்குவது இதற்குத் தீர்வு அல்ல. ஆடுசதை வரை வரும் சாக்ஸ் வாங்குங்கள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு கோப்பைக் கொடுப்பதுபோல் செய்யுங்கள். முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்தாலோ, கை மணிக்கட்டை விட்டு மேலே ஓடினாலோ, அது உங்கள் சட்டை இல்லை.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பது தெரிந்தால் பணம் மிச்சம். பேண்டின் நீளம், இடுப்பு, சட்டையின் பக்கவாட்டு அகலம் எல்லாம் எந்தத் தையல்காரரும் செய்துகொடுக்கும் வேலைகள். கோட்டின் தோள்பட்டை அப்படியில்லை. கையையும் உள்துணியையும் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும்; கூலியும் அதிகம், முழுசாகச் சரியாவதும் சந்தேகம். அதனால் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அளவைக் குறைப்பது சுலபம். கூட்ட வேண்டுமானால் தையலுக்குள் துணி விட்டிருக்க வேண்டும். பேண்டைப் புரட்டி, பின்பக்க நடுத்தையலில் எவ்வளவு துணி மிச்சம் என்று பாருங்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லையென்றால் பிரித்துவிட இடமில்லை.

உங்களுக்குப் பத்து நாள் இருப்பதால் இரண்டாம் நாளே வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து, வாங்கிவந்து ஒருமுறை துவைத்துவிடவும் நேரம் இருக்கிறது. என் கணக்கில், பெயர் போன பிராண்டை இரவல் அளவில் மாட்டிக்கொள்வதைவிட சாதாரணச் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்து போடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: 'நூறு சதவீதம் காட்டன்' நல்லதா, 'சுருக்கம் விழாதது' என்று எழுதியிருப்பது நல்லதா? கடையில் இரண்டையும் புகழ்கிறார்கள்.

பதில்: காட்டன் வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம். ஆனால் பேருந்திலோ ரயிலிலோ உட்கார்ந்து போனால் முதுகில் சுருக்கம் விழுந்துவிடும். சுருக்கம் விழாத காட்டன் என்று விற்பது பெரும்பாலும் ஒருவகைப் பிசின் ஏற்றிப் பதப்படுத்திய துணி. அதில் ஃபார்மால்டிஹைட் சார்ந்த ரசாயனம் பயன்படுவது வழக்கம், சிலருக்குத் தோல் அரிக்கும். எதுவானாலும் ஒருமுறை துவைத்துவிட்டே அணியுங்கள். பாலியெஸ்டர் 65, காட்டன் 35 என்று கலந்த துணி நடுவழி. மடிப்பு நிற்கும், சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை வாடை அதில் தங்கும்.

முதல் துவையலிலேயே காட்டன் கொஞ்சம் சுருங்கும், அதுவும் காலரில்தான் உறுத்தும். 40 செ.மீ. காலர் இரண்டு சதவீதம் சுருங்கினால் 8 மி.மீ. குறைந்துவிடுகிறது. கடையில் சரியாக இருந்த மேல் பொத்தான் வீட்டில் தொண்டையைப் பிடிக்கும். பொத்தானைப் போட்ட பிறகும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

நிறத்தில் ஒரு விஷயம். பதற்றத்தில் வியர்ப்பவர் என்றால் இளஞ்சாம்பலையும் நடுத்தர நீலத்தையும் தவிருங்கள். ஈரம் பட்ட இடம் கறுத்துத் தனியாகத் தெரிவது அவற்றில்தான். வெள்ளையிலும் அடர்நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. தேய்க்கும்போது உள்ளே இருக்கும் லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்தில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். ஒரு புள்ளி குறைந்த சூடு, மூன்று புள்ளி அதிகச் சூடு. ஒரு புள்ளித் துணியில் மூன்று புள்ளிச் சூட்டை வைத்தால் பளபளவென்று ஒரு தடம் விழும், அது போகாது.

கேள்வி: கோட் மட்டும் அண்ணனுடையது இருக்கிறது, கறுப்பு. அதற்குப் பொருத்தமாகக் கறுப்பு பேண்ட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தனித்தனியாக வாங்கிய இரண்டு கறுப்பு ஒத்துப்போவது அபூர்வம். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும், வெளியே வந்தால் ஒன்று பழுப்பாகவும் ஒன்று நீலமாகவும் அடிக்கும். அடர்சாம்பல் பேண்ட் வாங்குங்கள், வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகத் தெரியும். அண்ணன் அதை இதுவரை போட்டதே இல்லை என்றால், கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல் ஒரு தையல் இருக்கிறதா பாருங்கள். அது கடைக்கு வரும்வரை மடிப்பு கலையாமல் இருக்கப் போட்டது, வெட்டி எடுத்துவிட வேண்டும். கையின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பிராண்ட் துண்டும் அப்படித்தான்.

கேள்வி: டேக்கை உள்ளே மடித்து வைத்து ஒருநாள் அணிந்துவிட்டு, பிறகு கடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன?

பதில்: அணியாத பொருளைத் திருப்பித் தரத்தான் அந்தச் சலுகை, இது ஏமாற்று. நடைமுறையிலும் சரிப்படாது. அக்குள் பக்கம் டியோடரண்ட் வாடை, காலரில் ஒரு மங்கல் கோடு, பேண்டின் பின்பக்கம் உட்கார்ந்த மடிப்பு, இவற்றைக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார். ஒருநாளைக்குத்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது உங்கள் உடல்வாகு உள்ள ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நேர்காணல் வீடியோவில் என்றால்?

பதில்: நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் வேண்டாம், கேமராவில் அவை அலையடிக்கும். வெற்று நிறம், சுவரின் நிறத்திலிருந்து தள்ளி. கீழேயும் ஒழுங்கான பேண்ட் போடுங்கள், சார்ஜர் எடுக்க எழுந்திருக்க வேண்டி வரலாம்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஃபார்மல் ஷூ பெட்டியிலேயே இருக்கிறது, இரண்டு மூன்று முறைதான் போட்டேன். அது போதும்தானே?

பதில்: அடிப்பாகம் எதனால் ஆனது என்று பாருங்கள். லேசான, பஞ்சுபோன்ற பாலியூரிதேன் சோல் என்றால் எச்சரிக்கை. காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அரிக்கும், போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும். மேலே தோல் புதுசாக மின்னும். நடக்கத் தொடங்கினால் அடியில் பொடிப் பொடியாக உதிரும், அலுவலக வரவேற்பறைத் தரையில்கூட. ரப்பரும் தோலும் இப்படி உதிர்வதில்லை. இன்றைக்கே ஷூவை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் பசை போட்டு ஒட்டுவதில் பிரயோசனமில்லை. மேல்பாகம் நன்றாக இருந்தால் ஷூ தைப்பவரிடம் சோலை முழுதாக மாற்றிக்கொள்ளலாம். புதிது வாங்குவதானால் மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நேர்காணலுக்கு அணியப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து, வீட்டுக்குள் நாலைந்து நாள் நடந்து பழக்கிவிடுங்கள்.